ஆறு மாடும் ஒரு றலியும்

என் கணவர் பேனாட் இறந்து மூன்று மாதமான பின், பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டெபனி தொலைபேசியில் அழைத்தாள். பேனாட்டின் ஏழாம் வகுப்பை இப்போது நடத்துகிறவள் அவள்தான். தாய் தகப்பன் மன்னார். அவள் பிறந்தது ஸ்காபரோவில்.

“அன்ரி, ஒரு சின்னக் கேள்வி. நிக்கலஸ் பிள்ளை எண்டு ஒராளைப் பற்றி சேர் உங்களிட்டச் சொல்லியிருக்கிறாரா?”

“எந்த நிக்கலஸ் பிள்ளை?”

“அமெரிக்கன் ரெவலூஷன் நேரம் நியூயோர்க்கில இருந்து ஓடி வந்தவர். ஆறு மாடு வச்சிருந்தவர். கிளாஸ் முழுக்க அவருக்கு ஃபான்ஸ், அன்ரி. ஆனா இப்ப ஒரு பிரச்சினை. றலி எண்டது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

நிக்கலஸ் பிள்ளை என் அப்பா. தமிழில் நீக்கிலாப்பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தால் நிக்கலஸ் பிள்ளை. நியூயோர்க்கை அவர் வாழ்நாளில் கண்டவரல்லர். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருந்தவர்; தொண்ணூறாம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் இராணுவம் தீவில் இறங்கியபோது எங்களையும் ஏற்றிக்கொண்டு வள்ளத்தில் ஓடியவர். றலி அவருடைய சைக்கிள்; அதைச் செய்த இங்கிலாந்துக் கொம்பனியின் பெயர். எங்கள் பக்கத்தில் சைக்கிளைச் சைக்கிள் என்று யாரும் சொல்வதில்லை. றலி வைத்திருப்பவன் றலி என்பான். அதில் ஒரு பெருமை.

“தெரியாது பிள்ளை,” என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு முதலில் பேனாட்டின் இணையப் பக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒன்ராறியோவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், பிரெஞ்சுக்காரர் வந்தது, பிரித்தானியர் வந்தது, பிறகு அமெரிக்கப் புரட்சியில் அரசன் பக்கம் நின்றவர்கள் வீடுவாசலை விட்டுக் கனடாவுக்கு ஓடிவந்தது என்று படிக்கிறார்கள். அப்படி ஓடி வந்தவர்களுக்கு லோயலிஸ்ற் என்று பெயர்; அரசனுக்கு விசுவாசமானவர்கள். பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு ஒன்றரைப் பக்கமும் ஒரு படமும் இருந்தன. படத்தில் தொப்பி போட்ட மனிதர் ஒருவர் தூரத்தைப் பார்த்தபடி நிற்பார். பேனாட்டுக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. “உவர் வீட்டை விட்டு ஓடினவர் மாதிரியே நிக்கிறார்? பஸ்ஸுக்கு நிக்கிறார்,” என்பார்.

அதனால் சனிக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் மடிகணினியை வைத்துக்கொண்டு இணையத்தில் மூல ஆவணங்களைத் தேடினார். இழந்த சொத்துகளுக்கு இழப்பீடு கேட்டு லோயலிஸ்றுகள் எழுதிய மனுக்கள் ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. சில காப்பகங்கள் கதவைத் திறக்கக் காசு கேட்கும். சில இடங்களில் பக்கங்களைத் தலைகீழாகப் படம் எடுத்திருப்பார்கள். பேனாட் கணினியையே தலைகீழாகத் திருப்பி, தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து வாசிப்பார். பழைய கையெழுத்தைப் பிள்ளைகளால் வாசிக்க முடியாது என்று ஒவ்வொன்றையும் தானே தட்டச்சு செய்து, பள்ளியின் இணையத்தளத்தில் ஒரு பக்கத்தில் வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றின் கீழும் அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்பதற்கு ஓர் இணைப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எல்லா இணைப்புகளையும் அழுத்திப் பார்ப்பார். “இண்டைக்கு மூண்டு பேர் காலமாயிட்டினம்,” என்று எனக்கு அறிவிப்பார். பிறகு அவை வேறு எங்காவது உயிரோடு இருக்கின்றனவா என்று தேடத் தொடங்குவார்.

பக்கத்தின் மேலே பிள்ளைகளுக்கு நாலு கேள்விகள் எழுதியிருந்தார். இதை எழுதியது யார்? யாருக்கு? எதற்கு? எழுதாமல் விட்டது என்ன?

இப்போது என் அப்பாவின் மனு.

தீவை விட்டு ஓடிவந்து யாழ்ப்பாணத்தில் ஒரு கோவில் மண்டபத்தில் இருந்தபோது, இழந்த சொத்துகளுக்கு மனுக்கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. எனக்குப் பதினெட்டு வயது. தட்டச்சு பழகிக்கொண்டிருந்தேன். பழக்கிய மாஸ்ரரிடம் அட்டை போன ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது; ஆங்கிலத்தில் மாதிரி மனுக்கள். அந்தப் புத்தகத்தில் எவரும் எதையும் சொல்வதில்லை. மிகத் தாழ்மையுடன் சமர்ப்பிக்க மன்றாடுவார்கள். எவரும் ஓடுவதில்லை, துருப்புகளின் முன்னேற்றத்தால் தமது இல்லத்தை நீங்க நிர்ப்பந்திக்கப்படுவார்கள். முடிவில் எல்லோரும் மேதகு அவர்களின் கீழ்ப்படிவுள்ள அடியார். அந்த ஆங்கிலத்தை இங்கிலாந்துக்காரர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் விட்டுப்போனார்கள். அவர்கள் பிறகு மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் அவர்கள் தந்ததைப் பத்திரமாக வைத்திருந்தோம்.

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு விதியைப் பின்பற்றினார்கள். அரசாங்கம் எப்படியும் மூன்றில் ஒன்றுதான் தரும். எனவே எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கு. எங்கள் இரண்டு மாடு ஆறு மாடாயிற்று. பனை நூற்றிருபதாயிற்று. ஒரு வள்ளம் மூன்றாயிற்று. றலியை மட்டும் அப்பா பெருக்க விடவில்லை. “ஒரு மனுசன் மூண்டு றலி ஓடேலாது, பிள்ளை. நம்பமாட்டாங்கள்.” ஆகவே நான் தட்டச்சு செய்தேன்: றலி, கறுப்பு, நல்ல நிலையில், ஒன்று.

இழப்பீடு ஒன்றும் வரவில்லை. ஆனால் தொண்ணூற்றோராம் ஆண்டு நான் கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்தபோது அந்த மனுவின் காபன் பிரதியைக் கேஸோடு இணைத்தார்கள். மொழிபெயர்க்க வந்தவர் ஒரேயொரு புத்தி சொன்னார்: “தங்கச்சி, எழுதின இலக்கத்தை உயிர் போனாலும் மாத்தாதையும்.” விசாரணையில் அதிகாரி என்னைப் பார்த்து எத்தனை மாடு என்று கேட்டார். வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் செய்து பத்து நிமிடமும் ஆகவில்லை. ஆறு என்றேன்.

அந்த நாலு மாடுகள் முப்பத்துநாலு ஆண்டுகளாக என்னோடு இருக்கின்றன. குடியுரிமை கிடைத்த நாளிலும் வந்தன. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார், மாடுகள் இப்போது எங்கே என்று கேட்டார்.

பேனாட்டுக்கு எல்லாம் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, “உம்மட அப்பாவின்ர பெற்றிசத்தை ஒருக்காத் தாரும். பள்ளிக்கூடத்துக்கு,” என்று கேட்டார். மனுவைக் கொடுத்தேன். அதை அவர் எப்போதும் தன் பாடசாலைப் பையில் வைத்திருந்தார். அவர் இறந்தபின் பள்ளியில் மேசையைத் துப்புரவாக்கியபோது அந்தப் பையும் எங்கோ போய்விட்டது.

ஸ்டெபனி அழைத்த மறுநாள் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நியூயோர்க்கிலிருந்து ஓடியவர்களின் மனுக்கள் என்ற தலைப்பின் கீழ் பதினெட்டு ஆவணங்கள். பதினேழுக்கு இணைப்பு இருந்தது. பதினெட்டாவது என் அப்பா. திகதி இல்லை. இணைப்பு இருக்கவேண்டிய இடத்தில் பேனாட் எழுதியிருந்தது: தனியார் சேகரிப்பு, மல்வேர்ன். மல்வேர்ன் எங்கள் வீடு இருக்கும் பகுதி.

வரிசையாக வாசித்தால் வித்தியாசம் தெரியவில்லை. பதினேழாவது மனுதாரரும் துருப்புகளால் நிர்ப்பந்திக்கப்பட்டிருந்தார். பதினெட்டாவது மனுதாரரும் அரசாங்கத்துக்கு என்றும் விசுவாசமாயிருந்தார்.

வியாழக்கிழமை பேனாட்டின் தங்கை கிளடிஸ் மார்க்கம் நகரத்திலிருந்து காரில் வந்தாள். சப்பாத்தைக் கழற்ற முன்பே தொடங்கிவிட்டாள்.

“மச்சாள், ஸ்டெபனி எனக்கும் எடுத்தவள். ஏதோ கொமிற்றியாம். நீங்கள் வாயே திறக்கக்கூடாது.”

“ஏன்?”

“ஏனோ? உங்கட கேஸ்! ஆறு மாடெண்டு சத்தியம் பண்ணியிருக்கிறியள். இப்ப போய் ரெண்டு எண்டால் சிற்றிசனை எடுத்துப்போட்டு பிளேனில ஏத்திவிடுவாங்கள்.”

“முப்பத்துநாலு வருசத்துக்குப் பிறகோ?”

“கொம்பியூட்டர் மறக்காது, மச்சாள். மாடு செத்தாலும் ரெக்கோட் சாகாது.”

நானும் அதைத்தான் பயந்தேன். கிளடிஸின் வாயில் கேட்டபோது அது எவ்வளவு பைத்தியமாக இருந்தது என்று தெரிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

குழு ஏன் வந்தது என்றால், றலியால். லோயலிஸ்றுகளின் வம்சாவளிச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் டொரத்தி என்ற எழுபது வயதுப் பெண். ஸ்டெபனி அவரிடம் விசாரிக்க, கறுப்பு, நல்ல நிலையில் என்றால் அது குதிரை என்று அவர் எழுதி அனுப்பினார். பிள்ளைகள் குதிரை வரைந்து சுவரில் ஒட்டினார்கள். அதைக் கண்ட கல்விச்சபை அதிகாரி ஒருவர், அந்தக் காலத்து மனுக்களில் அடிமை மனிதர்களையும் இப்படித்தான் மாடுகளோடு எழுதினார்கள், றலி ஒரு மனிதராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். குதிரைகளைக் கழற்றிவிட்டு, இருபத்தாறு பிள்ளைகளும் றலிக்குக் கடிதம் எழுதினார்கள். ஸ்டெபனி எனக்கு ஒன்றை வாசித்துக் காட்டினாள். “அன்புள்ள றலி, உன்னை ஒரு மாட்டுக்கும் ஒரு அலுமாரிக்கும் நடுவில் எழுதிவிட்டார்கள். உனக்கு அம்மா இருந்திருப்பா. அவ உன்னைத் தேடியிருப்பா.”

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவது ஆவணத்தில், உண்மையாகவே, ஒரு கலப்பைக்கும் இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அவளுக்கு ஒருவரும் கடிதம் எழுதவில்லை. எல்லாக் கடிதமும் சைக்கிளுக்குப் போயிருந்தது.

சபை ஒரு மூல ஆவணச் சரிபார்ப்புக் குழுவை அமைத்தது. குழு பதினேழு ஆவணங்களைக் காப்பகங்களில் கண்டுபிடித்தது. பதினெட்டாவதைக் கண்டுபிடிக்கவில்லை. அது போலியென்று தீர்மானமானால் பக்கம் முழுவதும் நீக்கப்படும். போலி ஆவணம் கற்பித்தமைக்காக ஆசிரியருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பப்படும்.

“ஆசிரியர் செத்துப்போனார்,” என்றேன் ஸ்டெபனியிடம்.

“தெரியும் அன்ரி. பட் புரொசீஜர். கடைசி அட்ரஸுக்கு அனுப்புவினம்.”

கடைசி முகவரி என் வீடு. பேனாட் பொய்யர் என்று பேனாட்டுக்கு ஒரு கடிதம் வரும். நான் கையெழுத்து வைத்து வாங்கவேண்டும். எட்டு ஆண்டுச் சனிக்கிழமைகள் ஒரு பொத்தானில் போய்விடும். அவருடைய குரல் எழுத்தில் மிஞ்சியிருந்தது அந்தப் பக்கத்தில்தான். ஒவ்வொரு ஆவணத்தின் கீழும் பிள்ளைகளுக்கு அவர் ஏதாவது எழுதியிருந்தார். “இவர் தன் மனைவியின் பாத்திரங்களைத் தன் பெயரில் கேட்கிறார், கவனியுங்கள்.” “இவருக்கு இத்தனை பன்றிகள் இருந்திருக்க நியாயமில்லை.” அந்தப் பக்கம் போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டொரத்தி ஸ்டெபனியோடு தனியார் சேகரிப்பைப் பார்க்க மல்வேர்னுக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார்; சப்பாத்தில் உப்பும் பனியும். சேகரிப்பு எங்கே என்று கேட்டார். கிளடிஸ் பயந்துபோய் அவருக்கு உடனே தேநீரும் வாய்ப்பனும் கொடுத்தாள். டொரத்தி சுவரில் தொங்கிய அப்பாவின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

“இவர் யார்?”

“என் அப்பா. நிக்கலஸ் பிள்ளை,” என்றேன். வாய் தவறவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

டொரத்தியின் கண்கள் கலங்கின. “பெயர் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது.”

பிறகு, வாய்ப்பனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, எங்கள் குடும்பச் சரித்திரத்தை அவர் எனக்கே சொன்னார். மனுவில் தீவுகள் என்று வருகிறது. பனைகள் வருகின்றன. வள்ளங்கள் வருகின்றன. நியூயோர்க்கிலிருந்து ஓடிய லோயலிஸ்றுகளில் பலர் பஹாமாஸ் தீவுகளுக்குப் போனார்கள். ஆகவே நிக்கலஸ் பிள்ளை பஹாமாஸுக்குப் போனார். அங்கிருந்து அவருடைய சந்ததியில் ஒருவர் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அங்கிருந்து நீங்கள் கனடாவுக்கு வந்தீர்கள். “அதாவது, நீங்கள் இங்கே வரவில்லை. திரும்பி வந்திருக்கிறீர்கள்.”

கிளடிஸ் என்னை இடித்தாள். “மச்சாள், நல்லாத்தானே இருக்கு?” என்று தமிழில் சொன்னாள். “அண்ணையும் தப்பினார், மாடும் ஆறாவே நிக்கும்.”

டொரத்தி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆவணம் எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்தது என்று நான் கையெழுத்திட்டால் சங்கம் அதற்குச் சான்று கொடுக்கும். குழு ஏற்றுக்கொள்ளும். எனக்கும் வம்சாவளிச் சான்றிதழ் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்டு.

வாக்கியத்தை இரண்டு தரம் வாசித்தேன். வழிவழியாக வந்தது உண்மை. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது, ஒரே வழி. மனுவில் இருந்த எந்தச் சொல்லையும்விட அது உண்மை. ஆனால் பேனையை எடுத்தபோது பேனாட்டின் முதல் மூன்று கேள்விகளும் வந்தன. யார் எழுதியது, யாருக்கு, எதற்கு. மூன்றுக்கும் பதில் சொல்லலாம்போல் இருந்தது. நாலாவதில் கை நின்றுவிட்டது. மனுவுக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. பேனாட் அதை இணையப் பக்கத்தில் போடவில்லை. அதைப் போடாமல் விட்ட பேனாட் எதையோ நினைத்துத்தான் விட்டிருப்பார். நான் இதில் கையெழுத்திட்டால் அது ஒருநாளும் வெளியே வராது.

“வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்கிறேன்,” என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளடிஸ்தான் காரில் கூட்டிப்போனாள். வழி முழுக்கச் செபமாலை சொன்னாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் நிறுத்தி, “இப்பவும் திரும்பலாம்,” என்றாள்.

சபைக் கட்டடத்தில் ஒரு நீள மேசை. குழுவில் மூன்று பேர். தலைவர் மெலிந்தவர், மரியாதையானவர். அவருக்கு முன்னால் ஒரு படிவத்தில் மூன்று பெட்டிகள் இருந்தன: அசல், போலி, மீளப்பெறப்பட்டது. டொரத்தி வந்திருந்தார். ஸ்டெபனி பேனாட்டின் பழைய மடிகணினியோடு இருந்தாள். அது பள்ளிக்குச் சொந்தமானது.

தலைவர் இந்த ஆவணத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

“நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன்,” என்றேன்.

“உங்கள் கணவருக்காகப் பிரதி எடுத்தீர்கள்.”

“இல்லை. நானே எழுதினேன். தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில்.”

தலைவர் எழுதினார். பிறகு நிமிர்ந்தார். “ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறா?”

“ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு.”

குழுவில் இருந்த பெண் மெதுவாக, இந்த மொழிநடை பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியது, இதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். அதுபற்றித் தான் ஆய்வு செய்திருப்பதாகவும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது. பதினெட்டு வயதில், மாஸ்ரரின் காற்றில்லாத தட்டச்சு அறையில், அவருடைய புத்தகத்தைப் பார்த்து எழுதியது.

“றலி?” என்று கேட்டார் தலைவர்.

“சைக்கிள்.”

ஸ்டெபனி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

டொரத்தி எழுந்து நின்றார். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணை இப்படி விசாரிப்பது முறையல்ல என்றார். கணவரை இழந்தவர்கள் குழம்பிப்போவதுண்டு. தன் கணவர் இறந்த ஆண்டு, தானும் ஒரு மாதம் வரி இலாகாவோடு கணவராகவே பேசினாராம். தலைவர் என்னைப் பரிவோடு பார்த்தார். அந்தப் பரிவு ஆபத்தானது. நான் சொல்வதை நம்பாவிட்டால் பஹாமாஸ் நிலைக்கும். நம்பினால் பேனாட் போலி ஆவணம் போட்டவர்.

“மன்னிக்கவேண்டும்,” என்றார் தலைவர். “மூலத்தை மூலமே உறுதிப்படுத்துவதற்கு எங்களிடம் நடைமுறை இல்லை. வழக்கமாக அவர்கள் உயிரோடு இருப்பதில்லை.”

“இரண்டாம் பக்கம் இருக்கிறது,” என்றேன்.

“எங்கே?”

“எனக்குத் தெரியாது. ஆனால் அதில் இருப்பதைச் சொல்வேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடுங்கள்.”

எழுந்து நின்று சொன்னேன். அந்தக் காலத்தில் மனுவை மேதகு அவர்களுக்கு முன்னால் வாசிக்கவேண்டி வந்தால் எப்படி வாசிப்பது என்று மாஸ்ரர் பழக்கியிருந்தார். கைகளைப் பக்கத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்தி.

“மேலும் மனுதாரர் மிகத் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில், மனுதாரரின் மூத்த மகன் அலெக்ஸாண்டர், வயது இருபத்திரண்டு, கடந்த ஓகஸ்ற் மாதம் இருபத்திரண்டாந் திகதி காலை, கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருவதாகக் கூறிச் சென்று, இன்றுவரை திரும்பவில்லை. இதற்கெனப் படிவத்தில் நிரல் எதுவும் காணப்படாமையால், மனுதாரர் இது குறித்துக் கோரிக்கை எதுவும் செய்யவில்லை. எனினும் மேதகு அவர்களின் அறிவுக்காக இதனைக் குறிப்பிட மன்றாடுகிறார்.”

கதிரையில் இருந்தேன். பிறகு நினைவு வந்து சொன்னேன்: “கீழே வலது மூலையில் ஒரு பெருவிரல் மை அடையாளம் இருக்கும். என்னுடையது. காபன் தாளை மாற்றும்போது பட்டது.”

தலைவர் தன்னையறியாமல் என் பெருவிரலைப் பார்த்தார்.

“ஸ்டெபனி,” என்றேன் தமிழில். “சேரின்ர கொம்பியூட்டரில வேற ஏதும் இருக்கே?”

“எல்லாம் பாத்திட்டன், அன்ரி. ஒரே ஒரு ஃபோல்டர்தான் திறக்கேல்லை. பேர் தமிழில இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. உங்கட பேர்சனல் எண்டு நினைச்சன்.”

அவள் கணினியை என் பக்கம் திருப்பினாள். வாசித்தேன். கடைசி வெள்ளி.

அதற்குள் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று இரண்டாம் பக்கத்தின் படம்: மங்கிய நீலக் காபன் எழுத்து, ஒக்ரோபர் ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு என்று திகதி, அப்பாவின் கையெழுத்து, மூலையில் என் பதினெட்டு வயதுப் பெருவிரல். தலைவர் தான் எழுதியதையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது.

மற்றது பேனாட் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு. ஸ்டெபனி சத்தமாக வாசித்தாள்.

“ஆசிரியருக்கு மட்டும். பதினெட்டாவது ஆள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். தவணையின் கடைசி வெள்ளி வரை இதைச் சொல்லவேண்டாம். பிள்ளைகள் தாங்களே பிடிக்கட்டும், சைக்கிளில் பிடிப்பார்கள். பிடித்தபின் இரண்டாம் பக்கத்தைக் காட்டி நாலாவது கேள்வியைக் கேளுங்கள். பிறகு மணி அடிக்கும்வரை ஒன்றும் பேசவேண்டாம்.”

குழுவில் ஒருவரும் பேசவில்லை. அங்கே அடிப்பதற்கு மணி இருக்கவில்லை. ஆகவே அது நீண்டுகொண்டே போனது. கடைசியில் கிளடிஸ் மூக்கைச் சீறினாள். அலெக்ஸாண்டரை அவள் கண்டதில்லை. ஆனால் பேனாட் இப்படித்தான் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும்.

தலைவர் படிவத்தை எடுத்தார். அசல் என்பதில் பேனையை வைத்து எடுத்தார். போலி என்பதில் வைக்கவில்லை. பிறகு கீழே, வெறுமையான இடத்தில், அடிமட்டம் வைத்து நாலாவது பெட்டி ஒன்றைக் கீறினார். அதற்குப் பெயர் வைக்க அரை மணி நேரம் பிடித்தது. உயிருடனுள்ள மூலம் என்று முடிவாயிற்று. பக்கம் இருக்கும். எச்சரிக்கைக் கடிதம் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும்: பதினெட்டாவது ஆவணத்துக்கும் மற்றவற்றைப்போல இணைப்பு வேண்டும். அந்த இடத்தில் என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு ஸ்டெபனி அழைத்து நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கவேண்டும்.

“கடைசியாக ஒரு விடயம்,” என்றேன். கிளடிஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள். “வேண்டாம் மச்சாள், வேண்டாம், கேஸ் வெண்டாச்சு, எழும்புங்கோ.”

“ஆறு மாடு இல்லை. இரண்டு.”

கிளடிஸ் கண்களை மூடிக்கொண்டாள். கதவு திறந்து அதிகாரிகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தாள் என நினைக்கிறேன். ஒருவரும் வரவில்லை. தலைவர், மாடுகளின் எண்ணிக்கை குழுவின் வரம்புக்குள் வராது என்றார்.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. டொரத்தி கையுறையை மாட்டியபடி என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன்.

“என் முன்னோர் பன்னிரண்டு மாடு கேட்டார்,” என்றார் மெதுவாக. “சங்கத்தின் சுவரில் அந்த மனு தொங்குகிறது. அந்தக் காணியை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கு மேல் நிற்க இடமில்லை.” பிறகு, “நீங்கள் எத்தனையால் பெருக்கினீர்கள்?” என்றார்.

“மூன்றால்.”

“நாங்கள் நாலால்,” என்றார் டொரத்தி. கிளடிஸ் அவரைக் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

ஏழாம் வகுப்புக்கு ஸ்டெபனி இரண்டாம் பக்கத்தைத் தவணையின் கடைசி வெள்ளிக்கிழமை காட்டினாள். பிறகு பிள்ளைகள் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். றலிக்கு மணி இருந்ததா. மற்ற மாடு எங்கே போனது. அலெக்ஸாண்டருக்கு உங்களைப் பிடிக்குமா. ஒன்பதாவது ஆவணத்தில் இருக்கும் பெண்ணுக்கும் இப்போது இருபத்தாறு கடிதங்கள் எழுதப்பட்டிருந்தன. அனுப்ப முகவரி கேட்டிருந்தார்கள்.

நான் சபைக்கு ஒரு திருத்தப் படிவம் அனுப்பினேன்: பதினெட்டாவது ஆவணத்தில் ஆறு என்பதை இரண்டு என மாற்றவும். இரண்டு கிழமையில் பதில் வந்தது. மூல ஆவணங்களில் எந்தத் திருத்தமும் செய்ய முடியாது. எழுதியவரே கேட்டாலும் முடியாது. விரும்பினால் கீழே ஒரு குறிப்புச் சேர்க்கலாம்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் இருந்து அதை எழுதினேன். ஸ்டெபனி பேனாட்டின் குறிப்புகளுக்குக் கீழே அதைப் போட்டிருக்கிறாள். யாரும் பார்க்கலாம்.

“மாடு இரண்டு. பனை நாற்பது. வள்ளம் ஒன்று. முதற் பக்கத்தில் றலியைத் தவிர மற்றவையும் கூட்டி எழுதப்பட்டவை. அதற்கு நானும் பொறுப்பு. இரண்டாம் பக்கத்தில் எதுவும் கூட்டப்படவில்லை.”